சட்டைப்பை கேமராவோடு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு நாள்

கோவையில் ஆர்.எஸ்.புரம் எதற்குப் பேர்போனது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். நகையும் ஜவுளியும் வாங்குகிறவர்களுக்கு அது டி.பி. ரோடு. காய்கறிப் பையோடு கிளம்புகிறவர்களுக்கு உழவர் சந்தை. கல்யாண வீட்டுக்காரர்களுக்கு மேட்டுப்பாளையம் ரோட்டுப் பூ மார்க்கெட். சாப்பாட்டுப் பிரியர்களுக்கு அன்னபூர்ணா சாம்பார்.

'ஆர்.எஸ்.' என்பது ரத்தினசபாபதி. கோவை நகராட்சித் தலைவராக இருந்த சி.எஸ்.ரத்தினசபாபதி முதலியாரின் பெயர் அது. அவருக்குக் கிடைத்த 'திவான் பகதூர்' பட்டம்தான் சுருங்கி டி.பி. ரோடு ஆனது. ஊருக்குப் பெயரையும் தெருவுக்குப் பட்டத்தையும் கொடுத்த மனிதரை அங்கே கடைக்குப் போகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

இந்தப் பகுதிக்கு இன்னொரு கூட்டமும் வருகிறது: போட்டோ எடுப்பவர்கள். தொழிலுக்கு எடுப்பவர்கள் இல்லை. ஆபீஸ் போகும் முன் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை ஒரு காலை என்று ஆசைக்கு எடுப்பவர்கள். பூ மார்க்கெட்டிலிருந்து லாலி ரோடு வரைக்கும் நடந்தால் விடியலின் ட்யூப்லைட் வெளிச்சம், மர நிழல், உச்சி வெயில், கண்ணாடிப் பெட்டி, குளத்துப் பறவை, ராத்திரிக் கடைவீதி என எல்லாம் ஒரே நாளில் கிடைக்கும்.

இவர்களில் பலரை ஒரே கேள்வி அரிக்கிறது. பெரிய டி.எஸ்.எல்.ஆர். வீட்டு பீரோவில் தூங்குகிறது. தூக்கிக்கொண்டு கிளம்பத் தோள் வலிக்கிறது. கையில் இருக்கும் செல்போன் போதவில்லை. இரண்டுக்கும் நடுவில், சட்டைப்பையிலோ சின்னக் கைப்பையிலோ அடங்கும் 'பிரீமியம் காம்பாக்ட்' கேமராவுக்கு லட்ச ரூபாய் அளவில் செலவு செய்யலாமா? அதற்கு விடை தேட, அந்தக் கேமராக்களை ஆர்.எஸ்.புரத்துத் தெருக்களிலேயே நிறுத்திப் பார்க்கலாம்.

செத்துப் பிழைத்த சாதி

சின்ன கேமராக்களின் கதை ஒருகாலத்தில் முடிந்துவிட்டதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். ஜப்பான் கேமரா நிறுவனங்களின் சங்கக் கணக்குப்படி 2010இல் உலகம் முழுக்க விற்பனைக்குப் போன டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 12 கோடி. அதில் பெரும்பகுதி சின்ன கேமராக்கள். 2023இல் எல்லா வகையும் சேர்த்தே 80 லட்சத்தை எட்டவில்லை. செல்போன் அந்தச் சந்தையை அப்படியே விழுங்கிவிட்டது.

மிஞ்சியவை, செல்போனால் சுலபத்தில் செய்ய முடியாததைச் செய்தவை மட்டும். 2011இல் கடைக்கு வந்த பியூஜிபிலிம் எக்ஸ்100, 2012இல் வந்த சோனி ஆர்.எக்ஸ்.100, பிலிம் காலத்திலிருந்தே தெருப் புகைப்படக்காரர்களின் செல்லமான ரிக்கோ ஜி.ஆர். வரிசை, கேனான் ஜி7 எக்ஸ் ஆகியவை அந்த வகை. 2024இல் எக்ஸ்100 சிக்ஸ் வெளியானபோது உலகம் முழுக்கப் பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

இவற்றின் பலம் உள்ளே இருக்கும் சென்சாரில் இருக்கிறது. ஒளி வந்து விழும் அந்தச் சில்லு சோனியிலும் கேனானிலும் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். இதை 'ஒரு இன்ச்' என்பார்கள். ரிக்கோவிலும் பியூஜியிலும் அதைப்போல மூன்று மடங்கு பரப்பு, பெரும்பாலான டி.எஸ்.எல்.ஆர்.களில் இருக்கும் அதே அளவு. மழைக்கு அண்டாவை வைப்பதற்கும் டம்ளரை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். பரப்பு பெரிதானால் சேரும் ஒளியும் அதிகம்.

விடிகாலை: பூ மார்க்கெட்

சூரியன் வருவதற்கு முன்பே பூ மார்க்கெட் விழித்துவிடுகிறது. சத்தியமங்கலம் பக்கத்து மல்லிகை, மூட்டை மூட்டையாகச் செண்டுமல்லி, ஈரத் துணிக்குள் ரோஜா. ஓணம் நெருங்கினால் கேரளத்துக்குப் போகும் பூ வேறு. மஞ்சள் குவியலின் மேல் தொங்கும் ஒற்றை விளக்கும், அதன் கீழே பூத்தொடுக்கும் விரல்களும் யாரையும் நிற்க வைக்கும்.

செல்போன் இங்கே ஒரு தந்திரம் செய்கிறது. இருட்டில் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அசையாத பூக்குவியல் அழகாக வரும். நாரைச் சுழற்றும் விரல்கள் மட்டும் சில சமயம் கரைந்து, மெழுகு போல ஆகிவிடும். பெரிய சென்சாரும் அகலமாகத் திறக்கும் லென்ஸும் உள்ள கேமரா, விநாடியில் நூற்றில் ஒரு பங்கில் ஒரே படமாக அதைப் பிடித்துவிடும். தண்ணீர் தெளிக்கும்போது சிதறும் துளிகூடத் தெரியும்.

வாங்குகிறவர்கள் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான். பெட்டியில் 'எப் 1.8' என்று போட்டிருக்கும். எப் 2.8 லென்ஸைவிட எப் 1.8 ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடும் என்பது உண்மை. ஆனால், பல ஜூம் கேமராக்களில் அந்த எண் அகலக் கோணத்துக்கு மட்டும். ஜூம் செய்யச் செய்ய வாசல் சுருங்கும். 2019இல் வந்த ஆர்.எக்ஸ்.100 மார்க் 7, 24 முதல் 200 மி.மீ. வரை ஜூம் தருகிறது; கடைசி முனையில் அதன் எண் எப் 4.5. எக்ஸ்100 சிக்ஸின் எப் 2 லென்ஸ் அதைவிட ஐந்து மடங்கு ஒளியைச் சேர்க்கும். பியூஜியில் ஜூம் இல்லை என்பது அதற்குக் கொடுக்கும் விலை. இருட்டில் கிட்டே போகத் தயாரானவருக்கு ஜூம் இல்லாதது. பகலில் தூரத்தில் நிற்பவருக்கு ஜூம் உள்ளது.

கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி இருக்கிறதே என்று கடைக்காரர் சொல்வார். அது எடுப்பவரின் கை நடுக்கத்தைச் சரிசெய்யும். பூத்தொடுக்கும் அம்மாவின் கையை நிறுத்தி வைக்காது.

காலை ஏழு மணி: உழவர் சந்தை

விவசாயி நேராக விற்கும் உழவர் சந்தை, தமிழ்நாட்டில் 1999இல் மதுரையில் தொடங்கிய திட்டம். ஆர்.எஸ்.புரம் சந்தையில் காலையில் கால் வைக்க இடம் இருக்காது. பனி ஒட்டிய கீரைக்கட்டு, கத்தரிக்காய், தேங்காய், தராசுத் தட்டு, சுருக்குப் பை.

சின்ன கேமராவின் பெரிய பலம் இங்கே தெரியும். தோளில் பெரிய லென்ஸோடு போனால் சந்தையே திரும்பிப் பார்க்கும். 'எந்த டி.வி.ங்க?' என்று கேட்பார்கள். கையளவு கேமராவை யாரும் சட்டை செய்வதில்லை. பல மாடல்களில் லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருப்பதால் சத்தமும் ஏறக்குறைய இல்லை.

யாருக்கும் தெரியாமல் எடுக்க முடிகிறது என்பதற்காக யாரையும் கேட்காமல் எடுப்பது மரியாதை ஆகிவிடாது. அதுவும் கொங்குநாட்டில் கேட்பதற்கு ஒரு வரி போதும். 'ஏனுங்க ஆத்தா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?' என்றால், 'என்ற மூஞ்சிய எதுக்குங் கண்ணு எடுக்கற, இந்தத் தக்காளிய எடு' என்று பதில் வரலாம். தலையைச் சரிசெய்துகொண்டு சிரிக்கவும் செய்யலாம். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். குழந்தைகள் படத்தில் இருந்தால் பெற்றோரைக் கேட்காமல் இணையத்தில் போடக் கூடாது. கேட்டு எடுத்த படத்தை ஒரு பிரதி போட்டு அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுப்பவருக்கு அந்தக் கடை எப்போதும் திறந்திருக்கும்.

பொன்னுரங்கம் ரோட்டில் மறையும் வீடுகள்

டி.பி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் பொன்னுரங்கம் ரோடு, பாஷ்யகாரலு ரோடு, சம்பந்தம் ரோடு, ஆரோக்கியசாமி ரோடு என்று நேர்கோட்டுத் தெருக்கள். முன்பக்கம் திண்ணையோ போர்ட்டிகோவோ, கம்பிக் கதவு, ஓரத்தில் மாமரம் என்று இருந்த தனி வீடுகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. அந்த இடத்தில் ஆஸ்பத்திரி வருகிறது, துணிக்கடை வருகிறது, அடுக்குமாடி எழும்புகிறது. போன தீபாவளிக்குப் பார்த்த வீடு இந்த தீபாவளிக்குத் தகரத் தடுப்புக்குப் பின்னால் இருக்கும். விற்பவரின் மீது குற்றம் சொல்ல முடியாது; நாலு பிள்ளைகளுக்கு ஒரு வீட்டைப் பிரித்துக் கொடுக்க வேறு வழி இல்லை.

இந்தத் தெருக்களில்தான் ஆசைக்குப் படம் எடுப்பவரின் வேலைக்கு ஓர் அர்த்தம் கிடைக்கிறது. பத்திரிகைக்காரர் செய்திக்கு வருவார்; கல்யாணப் புகைப்படக்காரர் மண்டபத்துக்குப் போவார். சாதாரண நாளின் சாதாரண வீட்டை எடுப்பவர், தினமும் அந்த வழியே போகும் உள்ளூர்க்காரர்தான். அவர் கையில் தினமும் இருக்கும் கேமராவே அதற்கு உதவும். பீரோவில் இருக்கும் நல்ல கேமராவால் பிரயோஜனம் இல்லை.

எடை பற்றிய பேச்சுக்கு இங்கே மதிப்பு வருகிறது. 2019இல் வந்த ரிக்கோ ஜி.ஆர். 3 பேட்டரியோடு 257 கிராம். ஆர்.எக்ஸ்.100 மார்க் 7 சுமார் 300 கிராம். இரண்டும் பேன்ட் பாக்கெட்டில் போகும். எக்ஸ்100 சிக்ஸ் 521 கிராம். அதைப் பாக்கெட்டில் போட முடியாது, கழுத்திலோ பையிலோ போகும். 'காம்பாக்ட்' என்ற ஒரே பெயருக்குள் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

பழைய வீட்டை எடுக்க 28 மி.மீ. கோணம் வசதி. தெரு குறுகலானாலும் கூரை முதல் படிக்கட்டு வரை அடங்கும். அதே கோணத்தில் ஆளைக் கிட்டே எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். மனிதர்களை அதிகம் எடுப்பவருக்கு 35 அல்லது 40 மி.மீ. பொருந்தும். ஜி.ஆர். 3 எக்ஸ் மாடலில் 40 மி.மீ. இருப்பது இதற்காகத்தான்.

உச்சி வெயில்: லாலி ரோடு, கௌலி பிரவுன் ரோடு

லாலி ரோட்டில் வேளாண்மைப் பல்கலைக்கழகம். சென்னை சைதாப்பேட்டையில் 1868இல் தொடங்கிய விவசாயப் பள்ளி 1906இல் கோவைக்கு வந்து, 1971இல் பல்கலைக்கழகம் ஆனது. அதன் தாவரவியல் பூங்காவில் பூவையும் பூச்சியையும் எடுக்கலாம். ஜி.ஆர். 3 ஆறு சென்டிமீட்டர் கிட்டே போய்ப் படம் பிடிக்கும். மகரந்தம் தனித்தனியாகத் தெரியும்.

ஆனால், பகல் 12 மணி வெயிலில் பின்பக்கத் திரை கண்ணாடி மாதிரி முகத்தைத்தான் காட்டும். ஜி.ஆரிலும் கேனான் ஜி7 எக்ஸிலும் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூபைண்டர் இல்லை. ஆர்.எக்ஸ்.100இன் பிந்தைய மாடல்களில் மேலே எழும்பும் சின்ன வியூபைண்டர் உண்டு. எக்ஸ்100 வரிசையில் கண்ணாடி வழியாகவும் பார்க்கலாம், திரையாகவும் மாற்றலாம். கண்ணாடி போட்டவர்களும் வயதில் பெரியவர்களும் இதைக் கடையிலேயே கண்ணில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். கடைக்குள் ஏ.சி. வெளிச்சத்தில் எல்லாத் திரையும் நன்றாகத்தான் தெரியும்.

கௌலி பிரவுன் ரோட்டு வனத்துறை வளாகத்தில் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. காஸ் என்பது அதைத் தொடங்கிய வன அதிகாரியின் பெயர். மர மாதிரிகளும் பாடம் செய்த விலங்குகளும் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும். படம் எடுக்க அனுமதி உண்டா என்று வாசலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அனுமதி கிடைத்தால் பிளாஷை அணைத்து, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் பிரதிபலிப்பு மறையும். லென்ஸ் சின்னதாக இருப்பது இதற்குச் சௌகரியம்.

சாயங்காலம்: முத்தண்ணன் குளத்தில் தோல்வி

தடாகம் ரோட்டு ஓரத்து முத்தண்ணன் குளத்தில் இந்த வகை கேமராக்களின் பலவீனம் அப்பட்டமாகத் தெரியும். கொக்கும் நீர்க்காகமும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும். 28 மி.மீ. கேமராவில் அவை வெள்ளைப் புள்ளி, கறுப்புப் புள்ளி. 200 மி.மீ. ஜூம்கூடப் பறவைக்குப் போதாது. லென்ஸைக் கழற்றி மாட்ட முடியாது. பறவை, விளையாட்டு, பள்ளி ஆண்டு விழாவில் கடைசி வரிசையிலிருந்து மகளின் பரதநாட்டியம் எல்லாம் உங்கள் விருப்பம் என்றால் இந்தப் பணத்துக்கு லென்ஸ் மாற்றும் கேமராவே நல்லது.

பேட்டரி அடுத்த சங்கடம். ஜி.ஆர். 3 ஒரு சார்ஜில் சுமார் 200 படங்கள் என்று நிறுவனமே சொல்கிறது. பூ மார்க்கெட்டில் தொடங்கினால் மத்தியானம் படுத்துவிடும். உபரி பேட்டரி ஒன்றாவது பையில் வேண்டும்.

காற்றும் ஒரு கணக்கு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்குள் வீசும் காற்று சாரலையும் கொண்டுவரும், தூசியையும் கொண்டுவரும். லென்ஸ் உள்ளே போய் வெளியே வரும் கேமராக்கள் காற்றை உறிஞ்சுவதுபோல் தூசியையும் உறிஞ்சிக்கொள்ளும். ஜி.ஆருக்கும் ஆர்.எக்ஸ்.100க்கும் மழைப் பாதுகாப்பு இல்லை. எக்ஸ்100 சிக்ஸில் தனியாக வாங்கும் வளையமும் பில்டரும் மாட்டினால்தான் அது முழுமையாகும். லென்ஸ் மாற்றும் கேமராவில் சென்சாரை வெளியிலிருந்தே ஊதித் துடைக்கலாம். இதில் தூசி உள்ளே போனால் கேமராவையே பிரிக்க வேண்டும். அது சர்வீஸ் சென்டர் செலவு. பேன்ட் பாக்கெட்டில் போடுகிறவர்கள் பாக்கெட்டை உதறிவிட்டுப் போடுவது நல்லது. ஒரு மெல்லிய துணி உறை இன்னும் நல்லது.

விளக்கு வைத்த பிறகு: டி.பி. ரோடு

ஆறரை மணிக்கு மேல் டி.பி. ரோடு வேறு முகம் காட்டும். அகலமாக்கிய நடைபாதையில் குடும்பம் குடும்பமாக நடை. ரத்தின விநாயகர் கோயில் மணி, ஜவுளிக்கடை விளக்கு, பில்டர் காபி டவரா, பானிபூரி வண்டி. இங்கே வேகம் முக்கியம். ஜி.ஆரில் 'ஸ்னாப் போகஸ்' என்று ஒரு வசதி உண்டு. இரண்டு மீட்டர் என்று முன்கூட்டியே வைத்துவிட்டால் கேமரா தேடாது, அழுத்தினால் படம். சிரிப்பு மறைவதற்குள் கிடைத்துவிடும்.

பியூஜிக்காரர்கள் சொல்லும் காரணம் நிறம். பழைய பிலிம் சாயல்கள் 20 அதற்குள் இருக்கின்றன; வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் உட்கார வேண்டாம். சோனி, கேனானை வீடியோவுக்காக விரும்புகிறார்கள். நீண்ட நேரம் 4கே எடுத்தால் இந்தச் சின்ன உடம்பு சூடாகி நின்றுவிடக்கூடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

செல்போனும் சும்மா இல்லை. 2023இல் இந்தியாவுக்கு வந்த ஷாவ்மி 13 ப்ரோவிலேயே ஒரு இன்ச் சென்சார் இருந்தது. பகலில் எடுத்து வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்புகிறவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பெரிதாகப் பிரின்ட் போடும்போது, இருட்டில் அசையும் ஆளை எடுக்கும்போது, நிழலிலிருந்து விவரத்தை மீட்கும்போது தெரியும். இன்னொன்றும் உண்டு. கேமராவில் போன்கால் வராது, மெசேஜ் வராது. கவனம் தெருவிலேயே இருக்கும்.

கோவைக்குப் புதிதல்ல

கையில் கேமராவோடு அலைவது இந்த ஊருக்குப் பழக்கமானது. கோவையில் பிறந்து ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகப் போனார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் அரங்கை எழுப்பினார், ஆர்.எஸ்.புரத்துக்குப் பக்கத்திலேயே அந்தப் பெயரில் ரோடு இருக்கிறது. ஜி.டி.நாயுடு 1936இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கேமராவில் படம் பிடித்தார். கேமராவுக்குத் தூரத்தைச் சரிசெய்யும் கருவியும் அவர் செய்த பொருட்களில் ஒன்று. இருவருக்கும் அது பிழைப்பாகத் தொடங்கவில்லை, ஆசையில் தொடங்கியது.

வாங்குமுன் ஐந்து கேள்விகள்

1. கடந்த ஆறு மாதத்தில் செல்போனில் எடுத்த படங்களில் எவை ஏமாற்றின? இருட்டில் கெட்டவையா, தூரத்தில் கெட்டவையா? தூரம் என்றால் இந்த வகை வேண்டாம்.

2. ஜூம் இல்லாமல் ஒரு வாரம் இருக்க முடியுமா? செல்போனில் ஜூமைத் தொடாமல் பழகிப் பாருங்கள். முடிந்தால் ஜி.ஆர்., எக்ஸ்100. முடியாவிட்டால் ஆர்.எக்ஸ்.100, ஜி7 எக்ஸ்.

3. தினமும் எதில் வைத்துக்கொண்டு போவீர்கள்? பாக்கெட்டா, பையா? பாக்கெட் என்றால் எக்ஸ்100 சிக்ஸ் வீட்டிலேயே தங்கிவிடும்.

4. உபரி பேட்டரி, கார்டு, உறை, படங்களைச் சேமிக்க ஒரு ஹார்டு டிஸ்க் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டீர்களா? அந்த மாடலுக்குச் சர்வீஸ் எங்கே செய்வார்கள் என்று விசாரித்தீர்களா?

5. பழைய கேமரா வாங்குவதென்றால் லென்ஸ் வாசலை முடிந்த அளவு சுருக்கி வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். கரும்புள்ளி தெரிந்தால் உள்ளே தூசி. ஜூமை நாலு தடவை நீட்டி மடக்குங்கள், திணறினால் விட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு சந்தேகம் இருந்தால் வாடகைக்கு ஒரு நாள் எடுத்துப் பார்ப்பது உத்தமம். கோவையில் கேமரா வாடகைக்குத் தரும் கடைகள் இருக்கின்றன. விடிகாலையில் பூ மார்க்கெட்டில் தொடங்கி ராத்திரி டி.பி. ரோட்டில் முடியுங்கள். நடுவில் பொன்னுரங்கம் ரோட்டில் ஒரு பழைய வீட்டையாவது, வீட்டுக்காரரிடம் கேட்டு எடுத்துவிடுங்கள். படத்தின் பின்னால் தேதியையும் தெருப் பெயரையும் எழுதி வையுங்கள். கேமரா பிடிக்காவிட்டால் மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.